அடிக்காத கிளாப்பு

ஆறுச்சாமிப் பண்ணாடியின் குரல் அவர் வாயைவிட்டுப் பிரிந்தது மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். அதற்குக் காரணம் நான்தான் என்று ஊர் சொல்கிறது. நானும் இல்லை என்று சொன்னதில்லை.

என் பெயர் ராக்கியண்ணன். நெய்க்காரன்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது எண்களை அழகாக எழுதுகிற கை ஒன்றுதான். ஆழியாற்றுத் தண்ணீர் பாய்கிற எங்கள் தென்னந்தோப்புகளையும் பண்ணாடியின் பெரிய வீட்டையும் தேடிக்கொண்டு வருசத்துக்கு நாலைந்து சினிமாக் கம்பெனிகள் வரும். தோப்பு வைத்திருக்கிறவரைப் பண்ணாடி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருகிற கம்பெனிக்குக் கூட்டம் சேர்க்க ஆள் வேண்டும், அடுப்புக்கு விறகு வெட்ட ஆள் வேண்டும், அதைப்போலக் கிளாப்புப் பலகை பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் எண்களைப் பார்த்து என்னை வைத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருசமாக அடிக்கிறேன். பலகை என்னுடைய சொந்தப் பலகை, பலா மரத்தில் நானே அறுத்துக் கீல் வைத்தது.

அந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள ஒன்றுதான் இருக்கிறது. படம் ஒரு பெட்டியில் பதியும், குரல் வேறு பெட்டியில் பதியும், ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது. இரண்டும் ஓடும்போது பலகையைக் காட்டி மேல்கட்டையைக் கீழ்க்கட்டையில் டப்பென்று அடித்தால், கட்டை ஒட்டுகிற இடம் படத்தில் தெரியும், அதே இடம் குரலில் கேட்கும், சென்னையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அந்த இடத்தில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் அடிக்காமல் விட்டுவிட்டால் ஷாட் முடிந்ததும் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிக்க வேண்டும்; தலைகீழாக இருந்தால் அது கடைசி முடிச்சு என்று அவர்களுக்கு விளங்கும். இரண்டும் இல்லையென்றால் வாய் ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன். முப்பத்தோரு வருசத்துக்கு முன்னால், எனக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம், மாகாளியம்மன் கோயிலின் வெண்கல மணி காணாமல் போனது. கோயில் முன்னால் இருக்கிற அரசமரத்தடியில் ஊர் கூடியது. ஆறுச்சாமிப் பண்ணாடி எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ராக்கியண்ணன்தான் எடுத்தான். என் கண்ணால பார்த்தேன்" என்றார். நான் எடுக்கவில்லை. எடுக்காததை ஒருவர் எப்படிப் பார்ப்பார்? என் தலையை மழித்தார்கள், சுண்ணாம்பிலும் கரியிலும் புள்ளி வைத்தார்கள், மாட்டுக்குக் கட்டுகிற மணியை என் கழுத்தில் கட்டி நாலு வீதியும் நடத்தினார்கள், நடந்த நடைக்கெல்லாம் மணி அடித்தது, பிறகு அதே அரசமரத்தில் பொழுது சாயும்வரை கட்டிவைத்தார்கள். அன்றிலிருந்து நான் தெருவில் இறங்கினால் பிள்ளைகள் டிங் என்று சொல்லும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, அவர்கள் பெற்ற பிள்ளைகளும் காரணம் தெரியாமலேயே என்னைக் கண்டால் டிங் என்று சொல்லும்.

பண்ணாடியிடம் மூன்று தடவை போய்க் கேட்டிருக்கிறேன். அதே மரத்தடியில், அதே வாயால், பொய் சொன்னேன் என்று ஒரு சொல் சொல்லட்டும், அது போதும் என்றேன். மூன்று தடவையும் அவர் என் முகத்தைப் பார்க்காமல், "போடா ராக்கியண்ணா, வேலையப் பாரு, அது முடிஞ்சுபோன கதை" என்றார். அவருக்கு முடிந்திருக்கும்.

அந்த மாசி மாதம் வந்த கம்பெனியின் டைரக்டர் ஒரு சின்ன வயசுத் தம்பி. பேசுகிறதை அங்கேயே அப்படியே பிடிக்கிற லைவ் சவுண்டு என்றார். காலையில் பலகையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு என்ன சீனுங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பஞ்சாயத்து சீன் தாத்தா. உங்க ஊர்க் கதைதான், டீக்கடையில சொன்னாங்க. கோயில் மணியைத் திருடினவனை மரத்துல கட்டி வைக்கிறாங்களே, அது."

திருடியவன் யார் என்று டீக்கடையில் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தலைவராக நடிக்க உண்மையான முகம் வேண்டுமென்று பண்ணாடியையே உட்கார வைத்திருந்தார்கள். பவுடர் போட்டுக்கொண்டு, புது அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, அரசமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச வேண்டியது ஒரே ஒரு வரி. நான் சாக்குக்கட்டியால் எழுதினேன்: சீன் நாற்பத்தொன்று, ஷாட் ஆறு, டேக் ஒன்று. எண்ணைச் சத்தமாகச் சொன்னேன், பலகையை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தேன், மேல்கட்டையைத் தூக்கினேன். அவர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். என் கை இறங்கவில்லை. அப்படியே பலகையை எடுத்துக்கொண்டு விலகிவிட்டேன்.

"இவன்தான் எடுத்தான். என் கண்ணால பார்த்தேன்" என்றார் பண்ணாடி. நன்றாகவே சொன்னார். பழக்கம் இருக்கிறதே.

ஒரே டேக்கில் முடிந்தது. சவுண்டுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு, "கிளாப்பு விழலியே தாத்தா, எண்டு கிளாப்பு ஒண்ணு அடிச்சிருங்க" என்றார்.

"மூஞ்சிக்குக் கிட்டன்னு மெதுவா அடிச்சேனுங்க. விழுந்துருக்கும்" என்றேன்.

இருபது வருசம் தவறாத கை என்று என் சொல்லை நம்பிச் சாப்பிடப் போனார். அன்றைக்கு அதே மரத்தடியில் சொன்ன பொய்கள் இரண்டு, அவருடையது நடிப்பு.

பந்தியில் பண்ணாடி உட்கார்ந்து வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை. அவருடைய சம்சாரம் ரங்கம்மா, முப்பத்தைந்து வருசம் பரிமாறின கை, வாய் அசைவைப் பார்த்தே ரசம் ஊற்றினாள். அவர் குடித்து முடித்து ஏப்பம் விட்டபிறகு "ரசம்" என்று குரல் வந்தது, அவள் மறுபடியும் ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை இப்படி ஊற்றிய பிறகுதான், "ஏனுங், உங்க வாய் ஒண்ணு பேசுது, சத்தம் இன்னொண்ணு பேசுதுங்" என்றாள். அதற்கு அவர் சொன்ன பதில் அவள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்தது.

பொள்ளாச்சி டாக்டர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊர் இரண்டு வாரம் அதிசயப்பட்டது, பிறகு அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டது, மழைக்குத் தகுந்தபடி நடந்துகொள்கிற மாதிரி. குரல் வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் பிந்தியபோது ஆட்கள் அவர் எதிரில் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அரை நாள் பிந்தியபோது காலையில் கேட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் வந்து பதில் வாங்கினார்கள். ஒரு நாள் பிந்தியபோது போனில் கூப்பிடுகிறவர்கள் முதல் நாள் கேள்வியை மட்டும் கேட்டு வைத்துவிட்டு மறுநாள் பதிலுக்குக் கூப்பிட்டார்கள். பால் சொசைட்டிக்கு அவர்தான் தலைவர், அங்கே ஒரு மாதக் கூட்டத்தில் அவர் வாயையும் அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் குரலையும் பதிவு செய்துகொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். களத்தில் தேங்காய் உரிக்கிற பாப்பாத்திக்குப் பத்து வயசிலிருந்து காது கேட்காது, ஆனால் உதட்டைப் பார்த்தால் சொல் தெரியும். அவளைக் கூட்டிவந்து பண்ணாடி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அவர் முன்னால் நிற்கவே பயந்த பாப்பாத்தி, இரண்டே வாரத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "பண்ணாடி உன்னையப் போகச் சொல்றாரு, நான் இருக்கச் சொல்றேன், இரு" என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

வாயை மூடினாலும் குரல் நிற்காது. சோறு நிறைந்த வாயிலும் வரும், தூங்குகிற வாயிலும் வரும். வைகாசியில் குரல் வழுக்கிவிட்டது. பிந்திப் பிந்தி வந்துகொண்டிருந்தது, ஒரு நாள் காலையில் போன தீபாவளிக்குப் பேசியதைப் பேசியது, மறுநாள் அதற்கும் முந்தின புரட்டாசிக்குப் பேசியதைப் பேசியது. ஆவணிக்குள் கணக்கு பிடிபட்டுவிட்டது: நாள் ஒன்றுக்கு மாதம் ஒன்று என்று அவர் குரல் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பேச்சும் வராது. லேசான பேச்செல்லாம் கரைந்துபோக, கனமாகச் சொன்னது மட்டும் வரும். இன்றைக்கு அவர் உதட்டில் சொல்வது எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

டீக்கடைக்காரர் தேங்காய் விலை எழுதுகிற கரும்பலகையில் தினமும் பண்ணாடியின் குரல் எந்த வருசத்தில் இருக்கிறது என்றும் எழுதிப் போட்டார். அந்த வருசத்தில் உயிரோடிருந்து பிறகு செத்துப்போனவர்களின் பிள்ளைகள் அன்றைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். "ஏனுங் மாரக்கா, வயித்து வலி எப்படி இருக்குது" என்று பண்ணாடியின் குரல் கேட்கும். ஒன்பது வருசம் முன்னால் செத்துப்போன மாரக்காளின் பதில் வராது, பதில் இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும், பிறகு குரல் மேலே பேசும். அந்த வெற்றிடத்தைப் பொறுக்க முடியாமல் மாரக்காளின் மகள் ஒரு நாள், "பரவாயில்லீங், இப்பக் கஞ்சி குடிக்கறேனுங்" என்று அம்மாவின் பதிலைச் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். அதிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. பண்ணாடி யாரிடம் பேசினாரோ அவர்கள் வீட்டு ஆள் எழுந்து முன்னால் வந்து, வெற்றிடம் வரும்போது பதிலை நிரப்ப வேண்டும். வீட்டு ஆள் வராவிட்டால் செத்தவர்களுக்கு விக்கல் எடுக்கும் என்று கோயில் பூசாரி சொல்லிவிட்டார். காலையில் பண்ணாடியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அரசமரத்தடியில் வைப்பார்கள். அவர் வேண்டாம் என்று உதட்டை அசைப்பார். பாப்பாத்தி அதை மட்டும் சொல்லமாட்டாள்.

இதற்கிடையில் சவுண்டுக்காரர் சென்னையிலிருந்து வந்தார். என் கிளாப்பு எந்தப் பெட்டியிலும் இல்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். "படத்துல உதட்டைப் பார்த்து வேற ஆள் குரலை ஒட்டிட்டோம். ஆளை எப்படி ஒட்டறது?" என்று பண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். "தாத்தா, அந்த ஷாட் இன்னும் முடியலை. அதே பலகை, அதே கை, தலைகீழாப் பிடிச்சு ஒரே அடி. எல்லாம் சரியாயிரும்" என்றார். ஊர் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு டிங் என்று சொல்லாமல் பார்த்தது.

மறுநாளே ரங்கம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அந்தத் தெருவில் அவள் கால் பட்டது அன்றைக்குத்தான்.

"ராக்கியண்ணா, ஒரு அடி அடிச்சுருங். எனக்காக."

"பண்ணாடிக்குக் கைக்கு ஒண்ணும் ஆகலியேங்க. பொய் சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எழுதின கையோட அடிக்கறேன்."

சாயங்காலம் காகிதம் வந்தது. எனக்கு எண்தான் தெரியும், எழுத்து தடுமாறும். என் சம்சாரம் தெய்வாத்தாளிடம் கொடுத்தேன். அவள் அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முடியாதுன்னு எழுதியிருக்குதுங்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்" என்று சொல்லி, காகிதத்தை அடுப்பில் போட்டாள்.

தெய்வாத்தாள் அதிகம் பேசாதவள். கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை, என் கழுத்தில் மணி கட்டிய நாளில் என் காலில் விழுந்து அழுதவள், மரத்திலிருந்து அவிழ்த்துவிட்ட பிறகு என் வாயில் முதல் தண்ணீர் ஊற்றியவள். அவள் அந்த நாளிலிருந்து சோறு போடும்போதெல்லாம், "அடிச்சுருங்க, பாவமுங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். குழம்பு ஊற்றும்போது ஒரு தடவை, மோர் ஊற்றும்போது ஒரு தடவை. இளகின மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அடிக்கவில்லை. கணக்கு எனக்கும் தெரியும். நாளுக்கு ஒரு மாதம் என்றால் முப்பத்தோரு வருசம் பின்னால் போக ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த வாய் எழுதிக் கொடுக்காததை அந்தக் குரல் தானாக வந்து சொல்லும். மணி காணாமல்போன மாதத்தில் அவர் யாரிடமாவது, பெண்டாட்டியிடமோ, கணக்குப்பிள்ளையிடமோ, "நான் ஒண்ணும் பார்க்கலை, அவன் பேரைச் சும்மா சொன்னேன்" என்று சொல்லியிருப்பாரல்லவா, அது கனமான பேச்சல்லவா, அது வராமல் எங்கே போகும்? நான் பலகையை இடுக்கிக்கொண்டு தினமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவர் மெலிந்துகொண்டு வந்தார். தன் அப்பன் செத்த நாளின் அழுகை அவர் வாயிலிருந்து வந்தபோது அவர் முகம் சும்மா இருந்தது, இன்றைக்கு அவர் முகம் அழுதபோது வாயிலிருந்து ஏதோ பழைய கல்யாண வீட்டுச் சிரிப்பு வந்தது. ஜனங்கள் சிரிப்போடு சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறு வருசம் வைகாசியில் குரல் மணி காணாமல்போன வருசத்துக்குள் இறங்கியது. டீக்கடைப் பலகையில் வருசத்தைப் பார்த்தவுடனே ஊருக்கு விளங்கிவிட்டது. அன்றைக்குக் களத்தில் வேலை நடக்கவில்லை, பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட வந்து நின்றார். தெய்வாத்தாள் காலையிலேயே, "இன்னிக்கு ஒரு நாளாவது போகாதீங்க" என்றாள். "நீயும் வா. என்ற பேரு வெளுக்கறதைப் பார்க்க வேண்டாமா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

பத்து மணிக்குக் குரல் வந்தது. "ராக்கியண்ணன்தான் எடுத்தான். என் கண்ணால பார்த்தேன்." இளம் குரல், கணீரென்று இருந்தது. யாரும் அசையவில்லை. பின்னால் போகிற குரலாகையால் இனி வருவது அதற்கு முந்தின பேச்சு. நான் நாற்காலிக்கு ஒரு முழம் தூரத்தில் போய் உட்கார்ந்தேன். குரல் தாழ்ந்தது, மாட்டுக்கொட்டாய்ப் பின்னால் நின்று பேசுகிற மாதிரி.

"யாரது, விளக்கு வெக்கற நேரத்துல? தெய்வாத்தாளா?"

வெற்றிடம். ஊர் வழக்கப்படி யாராவது நிரப்ப வேண்டும். பொம்பளைகள் பக்கத்திலிருந்து என் சம்சாரம் எழுந்து வந்தாள். பழக்கம் இழுத்ததோ, பாரம் தள்ளியதோ எனக்குத் தெரியாது. நாற்காலிக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தானுங் பண்ணாடி."

"என்ன அம்மிணி, அழுவாமச் சொல்லு."

"மணிய எடுத்தது என்ற தம்பிங். வெளையாட்டுக்கு எடுத்துட்டான். ஊரு தேடறதப் பார்த்து பயந்து கோயில் கெணத்துல போட்டுட்டானுங்."

"பதினாலு வயசுப் பொடியன். சாமி மணின்னா ஊரு சும்மா விடுமா? போன வருசம் கோழி எடுத்தவன் என்ன ஆனான்னு பார்த்தீல்ல?"

"செத்துப்போயிட்டானுங். அதுக்குத்தானுங் உங்க காலப் புடிக்கறேன். எங்கூட்டுக்காரர் பேரச் சொல்லிப்போடுங். நீங்க சொன்னா மறுபேச்சு இல்லீங்."

"உன்ற புருசன் பேரையா?"

"அவரு தாங்குவாருங். தம்பி தாங்கமாட்டானுங்."

 

"சரி, எந்திரி, கால உடு. சத்தியமெல்லாம் வேண்டாம். உசுரு போனாலும் என்ற வாயில இருந்து வராது. நீயும் மறந்துபோடு."

"ஆகட்டுமுங்" என்றாள் தெய்வாத்தாள்.

அந்தத் தம்பி அடுத்த வருசமே மஞ்சள்காமாலையில் போய்விட்டான். பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தது நான்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் தோளில் துண்டைப் போட்டு, "மனசுல வெச்சுக்காத ராக்கியண்ணா" என்றார். ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு எல்லோரும் வந்து கையைப் பிடித்தார்கள். என் பேர் வெளுத்தது. கோயில் கிணற்றில் ஆள் இறக்கிச் சேற்றிலிருந்து மணியையும் எடுத்துவிட்டார்கள். யாரும் தெய்வாத்தாள் பக்கம் பார்க்கவில்லை, அவள் அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரங்கம்மா வந்தாள். அவளுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். "உங்களுக்கு வேண்டியது வந்துருச்சுங் ராக்கியண்ணா. இனி அடிச்சுருங். சோறு எறங்கலீங் அவருக்கு."

நான் பலகையைத் தலைகீழாகத் திருப்பினேன். அது நிஜம். அப்போது பண்ணாடி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். பாப்பாத்தி அவசரமாக, "அம்மிணிய ஒண்ணும் சொல்லிப்போடாதேங்கறாரு" என்றாள்.

அவருக்காகக் கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்டார். முப்பத்தோரு வருசம் இரண்டு பேரும் ஒரே ரகசியத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நல்லவராக இருந்துவிட்டுப் போகட்டும். என் கழுத்தில் கட்டிய மணி யாருடைய நல்ல மனசுக்காகக் கட்டினாலும் அதே சத்தம்தான் போட்டது. நான் பலகையை நேராகத் திருப்பி இடுக்கில் வைத்துக்கொண்டேன்.

"அவரு தாங்குவாருங்க" என்று ரங்கம்மாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு குரல் வேகம் பிடித்தது. ஆனித் தொடக்கத்தில் பண்ணாடி கல்யாண மாப்பிள்ளையாகப் பேசினார், ரங்கம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து பதிலை நிரப்பினாள். ஆனி முடிவதற்குள் மீசை முளைக்காத குரல் வந்தது, ஆடியில் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு வந்தது, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கூடவே சொல்லிப் பாடம் செய்தார்கள். ஆவணியில் எழுபது வயசுக் கிழவரின் வாயிலிருந்து மிட்டாய் கேட்டு மழலை வந்தபோது ஊர்ப் பொம்பளைகளுக்கு அவர்மேல் உயிராகிவிட்டது, இடுப்பில் தூக்கிக்கொள்ள முடியாத குறைதான். பட்டம், பம்பரம், கிலுகிலுப்பை என்று கொண்டுவந்து அவர் மடியில் போட்டார்கள். அவர் உதடு என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தேங்காய் உரிக்கப் போய்விட்டாள். "கெஞ்சறதையே எத்தனை நாளைக்குச் சொல்லறது" என்றாளாம்.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் பிறந்த பிள்ளையின் முதல் அழுகை வந்தது. வந்து, நீண்டு, நின்றது. அதோடு குரல் தீர்ந்தது.

பிள்ளை பிறந்தால் எங்கள் ஊரில் சேனை வைக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பது. வைக்கிற கை யாருடையதோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அழுகையைக் கேட்ட பழக்கத்தில் பொம்பளைகள் கிண்ணத்தோடு ஓடிவந்துவிட்டார்கள். இனிமேல் அவருக்குப் புதிதாகக் குரல் வளரலாம், அதற்கு நல்ல குணமாகக் கொடுக்கலாம் என்று பூசாரி சொன்னார். யார் வைப்பது என்று பேச்சு வந்தது. என் பேர்தான் இப்போது ஊரிலேயே வெளுத்த பேர். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ராக்கியண்ணன் வேண்டாமுங்" என்றாள் ரங்கம்மா.

எனக்குத் துண்டு போட்ட பெரியவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, அந்தக் கை வேண்டாம்" என்றார். பிறகு ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். அவர்கள் கூப்பிட்டது தெய்வாத்தாளை. சொந்தப் புருசனை ஊருக்குக் காட்டிக்கொடுத்தவளை. அவள் வந்து, கிண்ணத்தில் விரலைத் தொட்டு, பண்ணாடியின் நாக்கில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். குரல் இன்றுவரை வளரவில்லை.

வீட்டில் அவள் முன்போலவே சோறு போடுகிறாள், நான் முன்போலவே சாப்பிடுகிறேன், பேச்சு மட்டும் இல்லை. போன வாரம் ஒரு கம்பெனி ஆள் வந்தார். திருவிழாக் காட்சி, லைவ் சவுண்டு, ஊரே கூட்டத்தில் நிற்க வேண்டும், கூட்டத்தில் நாலு பொம்பளைகளுக்கு ஆளுக்கு ஒரு வரி பேச்சும் உண்டு என்றார். சினிமாவில் முகம் தெரியும் என்றால் இந்த ஊர் எதையும் மறக்கும். எல்லோரும் பேர் கொடுத்துவிட்டார்கள். எண் எழுத இந்தப் பக்கத்தில் வேறு ஆளில்லை, பலகைக்கு என்னைத்தான் கேட்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தெய்வாத்தாள் மோரை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். "நானும் பேர் குடுத்துருக்கறேனுங். எனக்கு ஒரு வரி குடுத்துருக்கறாங்க" என்றாள். நான் நிமிரவில்லை.

"என்ற வரிக்கு அடிக்காதீங்க. முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம்."

அப்போது நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ற குரலும் பின்னால போகட்டுமுங். போனா தம்பி இருந்த வருசத்துக்குப் போகும். நான் அவனைக் கூப்பிட்டதையெல்லாம் ஒரு தடவை கேட்டுக்குவேன். பதிலுக்கு அவன் என்ன சொன்னான்னு எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங். நானே சொல்லிக்குவேன்" என்றாள். முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் அடி அடி என்று கெஞ்சியவள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு, பலகையை இறக்கிக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். மேல்கட்டையைத் தூக்கி ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். அடுப்படியில் அவள் கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. சத்தம் துல்லியமாக இருக்கிறது. அவளுடைய வரிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் தலைகீழாக ஒரு தடவை, இரண்டும் அடிக்கப் போகிறேன்.